உள்ளே வரும்போது போட்ட எடை

லேப் மேடத்துக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு மோசடி. முப்பத்தோரு வருஷம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தாள். அத்தனை வருஷத்தில் ஒரு ஆள் கூட அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் அக்கா என்பார்கள். ஆசிரியர்கள் "இங்க வாம்மா" என்பார்கள். தலைமை ஆசிரியை வாயைக் கூடத் திறக்க மாட்டார், கையைத் தட்டுவார். ஓய்வு பெற்ற மறு மாதம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் கதவைத் தட்டி, "மேடம், உங்களால ஒரு பெரிய காரியம் ஆகணும்" என்றபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும். திடீர் மரியாதைக்குப் பின்னாலேயே வேலை வரும் என்று தெரியாத வயதா அவளுக்கு? தெரியும். தெரிந்தேதான் விழுந்தாள். அந்த ஒரு வார்த்தை காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

ஏழு மாடி, நூற்றிருபது வீடு, ஒரே ஒரு கூடம். அதுதான் குடியிருப்பு. குப்பையைக் குறைக்க வேண்டும் என்ற ஆசை அங்கே நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. முதலில் ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று பிரித்தார்கள். அப்புறம் பிளாஸ்டிக் பைகளை ஒழித்தார்கள். அடுத்து என்ன ஒழிக்கலாம் என்று செயலாளர் யோசித்தபோது வந்ததுதான் பழுது பார்க்கும் ஞாயிறு. வீட்டில் கெட்டுப்போனதைத் தூக்கிப் போடாதீர்கள், மாதத்தின் முதல் ஞாயிறு கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், சரி செய்து தருகிறோம். நல்ல யோசனைதான். யார் இல்லை என்றது?

தொண்டர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தர் போஸ்டர் வரைந்தார். இரண்டு பேர் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருத்தர் படம் எடுத்தார். நான்கு பேர் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள், சும்மா, ஒரு களைக்காக. இப்படியே கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் மிஞ்சினாள். அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

செயலாளர் ஒரு சிமெண்டு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு எண்ணாக்கிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கிருந்தோ ஒரு பழைய மேடைத் தராசைக் கொண்டு வந்து கூடத்து வாசலில் போட்டார். உள்ளே வரும் ஒவ்வொரு சாமானையும் எடை போட்டு, கதவு எண் எழுதிய அட்டையை நூலால் கட்டி, கிலோவைக் கரும்பலகையில் ஏற்றுவார். "குப்பைமேட்டுக்குப் போகாமல் நாம் தடுத்தது" என்று மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. ஒன்பதாவது மாதம் அந்தப் பலகையில் அறுநூற்றுப் பதினொரு கிலோ நின்றது. முதல் மாதமே, எண்ணிக்கை இளைத்துத் தெரியக்கூடாது என்று, தன் வீட்டு உடற்பயிற்சி சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு வந்து ஏற்றினார். இருபத்திரண்டு கிலோ. பெடலில் ஒரு நட்டு கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

சாமான் வெளியே போகும்போது எடை போட வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கடையில் சரக்கு வெளியே போனால்தானே விற்றது என்று அர்த்தம்? விற்பனைப் பிரிவில் இத்தனை வருஷம் என்னதான் கிழித்தாரோ.

முதல் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து நாலு வரை அவள் நிமிரவில்லை. அயர்ன் பாக்ஸின் கழுத்தில் ஒயர் அறுந்திருக்கும். ஃபேனுக்கு கெப்பாசிட்டர் போயிருக்கும். மிக்ஸியில் கார்பன் தேய்ந்திருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். மனிதர்களை விட சாமான்கள் நேர்மையானவை என்பது அவளுடைய பழைய கருத்து. அன்றைக்கு முப்பத்து நான்கு உள்ளே வந்தன. முப்பத்தொன்றைச் சரி செய்தாள். "மதியம் வந்து வாங்கிக்கிறேன் மேடம்" என்று போனவர்களில் ஐந்து பேர் வந்தார்கள்.

மற்றவர்களின் மதியம் இன்னும் வரவில்லை.

இரண்டாவது மாதம் கூடத்தில் யோகா வகுப்பு ஆரம்பித்தது. அலமாரியில் நின்ற சாமான்களை எங்கே வைப்பது? செயலாளர் வந்தார். "மேடம், நீங்க தரைத்தளம். உங்க பின்னறை சும்மாதானே இருக்கு. ரெண்டே நாள்." அந்த இரண்டு நாளுக்கு இப்போது ஏழு மாதம் முடிந்துவிட்டது. கட்டில் மேல் ஃபேன், கட்டில் கீழ் மிக்ஸி, ஜன்னல் திட்டில் வரிசையாகக் கெட்டில், கதவை முழுசாகத் திறக்க விடாமல் அந்தச் சைக்கிள். அவள் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வாசல்ல ஒரு கயிறு கட்டினா கண்காட்சின்னு சொல்லிக்கலாம்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

இதெல்லாம் எரிச்சலோடு நின்றிருக்கும். அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழாமல் இருந்திருந்தால்.

அக்கா ஆறு வருஷம் மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அச்சகத்தில் புத்தகம் தைத்துக் காலத்தை ஓட்டியவள். ஊரின் அந்தக் கோடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். தங்கைக்குக் கல்யாணம் ஆன புதிதில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒண்ட இடமில்லாதபோது, தன் ஒற்றை அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் சமையல்கட்டில் படுத்தவள். ஒரு நாள் கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இருபது நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்று மாசத்துக்குப் படி ஏறவே கூடாது என்றார் டாக்டர். தங்கை வீட்டுப் பின்னறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை லேப் மேடம் சாமான்களை எண்ணினாள். எண்பத்தேழு. நேரே செயலாளரிடம் போனாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க. எங்க அக்கா வர்றாங்க. நடக்க முடியாதவங்க, கட்டில் வேணும்."

"அடடா, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க மேடம்" என்றார் அவர். "ஆனா இந்த நேரத்துல கலைக்கக் கூடாது. அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. குப்பை குறைச்ச குடியிருப்புகள்ல நாம முதல் மூணுல இருக்கோம். அறுநூத்திப் பதினொரு கிலோவுக்கு சாட்சி உங்க ரூம்லதான் இருக்கு."

"ஹால்ல வைங்க."

"யோகா கிளாஸ்காரங்க என்னையே தலைகீழா நிக்க வெச்சிடுவாங்க மேடம். ஒரே மாசம். பல்லைக் கடிச்சுக்குங்க."

"நான் எதுக்குப் பல்லைக் கடிக்கணும்? சரி பண்ணின சாமானை அவங்கவங்க வீட்டுல குடுத்துடறேன்."

"தாராளமா குடுங்க. உங்களை யார் தடுக்கப் போறா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அப்போது அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. சனிக்கிழமை காலை முதல் கதவிலேயே தெரிந்துவிட்டது.

முதல் கதவு 304. அயர்ன் பாக்ஸ். கதவைத் திறந்த பெண்மணியின் பின்னால் மேஜையில் புத்தம் புது அயர்ன் பாக்ஸ் ஒன்று புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. "அச்சோ, சரியாயிடுச்சா மேடம்?" என்றாள், ஏதோ துக்கச் செய்தி கேட்ட மாதிரி. "வெச்சுக்குங்களேன். யாருக்காவது புண்ணியமாப் போகும்."

512-இல் ஒரு மனிதர் மிக்ஸியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நல்லவேளை வந்தீங்க, ஒரு நிமிஷம்" என்று உள்ளே ஓடினார். லேப் மேடத்துக்கு நம்பிக்கை வந்தது. அவர் திரும்பி வந்தபோது ஒரு கையில் தலைமுடி காய வைக்கும் டிரையர், இன்னொரு கையில் ஓடாத பொம்மை கார். ஒன்றைக் கொடுக்கப் போனவள் மூன்றோடு லிஃப்டுக்கு வந்தாள்.

607-இல் இருந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். "இந்த ஃபேன் என்னுது இல்லம்மா" என்றார்.

"சார், அட்டையில 607-னு இருக்கு. உங்க கையெழுத்து."

அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "கையெழுத்து என்னுதுதான். ஃபேன் என்னுது இல்ல."

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன பேசுவது? முப்பத்தோரு வருஷம் பதினான்கு வயசுப் பிள்ளைகளோடு காலம் தள்ளியவள். தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு "தானா உடைஞ்சதுக்கா" என்பவர்களைப் பார்த்தவள். அந்தப் பிள்ளைகளே பரவாயில்லை, சொல்லும்போது கொஞ்சம் தலையாவது குனிவார்கள்.

இப்படி ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவதிலேயே திங்கட்கிழமை வந்துவிட்டது. அறை அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, "புதன்கிழமை கூட்டிட்டுப் போறோம், இடம் தயாராகல" என்றாள். புதன்கிழமையும் அதே. "வெள்ளிக்கிழமை நிச்சயம்" என்றாள். அக்காவிடமும் போனில் அதையேதான் சொன்னாள். அக்கா, "அவசரமில்லடி, மெதுவா செய்" என்றாள்.

பழைய சாமான் வாங்குபவர் ஒருத்தர் இருந்தார். ஒரே நடையில் வேனில் அள்ளிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். அவள் அவரை அறை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு ஃபேனைத் தூக்கி, கம்பியைத் தனியாக, இரும்பைத் தனியாக எப்படிப் பிரிப்பார் என்று விளக்கினார். அவள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எல்லாம் ஓடுகிற சாமான். ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் பற்றவைத்தாள் என்று அவளுக்குத் தெரியும். உடைக்கக் கொடுக்கக் கை வரவில்லை. இந்த இடத்தில் அவள் மேலும் தப்பு இருக்கிறது, அதை மறைக்க முடியாது. செய்த வேலை மேல் இருந்த பெருமையில், படுத்திருந்த அக்காவை இரண்டு நாள் தள்ளிப் போட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் 210-இல் கெட்டிலோடு நின்றாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி. அவள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. திரும்ப வாங்கணும்னு நான் குடுக்கல. குப்பையில போட மனசு கேக்கல. உங்ககிட்ட குடுத்துட்டா மனசு லேசாயிடுது. எங்க வீட்டுல இதை வைக்க இடமே இல்ல மேடம்."

ஆக, இதுதான் விஷயம். நூற்றிருபது வீடும் சேர்ந்து குப்பையைக் குறைக்கவில்லை. தொட்டியில் போட்டால் உறுத்துகிறது என்று கொண்டு வந்து அவள் தலையில் போட்டிருக்கிறார்கள். நடுவில் அவள் உட்கார்ந்து துடைத்து, திருகி, பளபளவென்று ஆக்கி வைத்திருக்கிறாள். ஒன்பது மாதம். அவளுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அன்றைய நிலவரம்: எண்பத்தேழில் ஒன்பது வீடு திரும்பின, புதிதாக நான்கு வந்து சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

"உங்க அக்கா திங்கட்கிழமையே தயாரும்மா. இங்க பண்ண வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு. நீங்க வந்து கூட்டிட்டுப் போனா போதும்."

"தெரியும்மா. வீட்டுல இடம் இன்னும் சரியாகல. ரெண்டே நாள் குடுத்தீங்கன்னா…"

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க" என்றாள் நர்ஸ். "சரி பண்ணி வெச்சிருக்கோம், வந்து கூட்டிட்டுப் போங்கன்னா, வீட்டுல இடமில்ல, ரெண்டு நாள், மூணு நாள். நாங்க எங்கம்மா வெச்சுக்கிறது? வெளிய ஸ்ட்ரெச்சர்ல ஆள் காத்துட்டு இருக்காங்க."

கோபமான குரல் இல்லை. களைத்துப்போன, மரியாதையான குரல். அந்தக் குரல் லேப் மேடத்துக்கு நன்றாகத் தெரியும். ஆறு நாளாக வீடு வீடாக அதைத்தான் சுமந்துகொண்டு அலைந்தாள். போனை வைத்தபோது காது சுட்டது. வெட்கம் என்றால் அப்படி இப்படி வெட்கம் இல்லை, பிடுங்கித் தின்கிற வெட்கம்.

"என்னங்க," என்றாள் கணவரிடம், "எழுந்திருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. "செயலாளர் எந்த மாடி?"

"நாலு."

"லிஃப்ட் எவ்வளவு தாங்கும்?"

"நானூறு கிலோ."

"அப்ப ரெண்டு மூணு நடையில முடிஞ்சிடும்" என்று சட்டையை மாட்டினார்.

ஐந்து நடை ஆனது. பதினொன்றே முக்காலுக்கு நாலாவது மாடி நடைபாதையில் செயலாளர் வீட்டு வாசலிலிருந்து லிஃப்ட் வரை எண்பத்திரண்டு சாமான்கள் அட்டையோடு நின்றன. ஒரு ஆள் நடக்க மட்டும் வழி விட்டிருந்தாள். அவருடைய சைக்கிளை அவருடைய கதவுக்கு நேராக நிறுத்தி மணியை அடித்தாள். செயலாளர் தேநீர்க் கோப்பையோடு கதவைத் திறந்தார்.

"மேடம், என்ன இது?"

"உங்க அறுநூத்திப் பதினொரு கிலோ. குழு வந்தா இங்கேயே காட்டுங்க."

"மேடம், நியாயமா பேசுங்க. இதையெல்லாம் நான் எங்க வைக்கிறது? எங்க வீட்டுல இட…"

"அதைச் சொல்லாதீங்க" என்றாள் அவள். "வேற எதை வேணும்னாலும் சொல்லுங்க, அதை மட்டும் சொல்லாதீங்க. இன்னிக்குக் காலைல அதை நானே ஒரு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன். எனக்கே கேக்க சகிக்கல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைக்க அவளுக்கு நேரமும் இல்லை. "அந்தத் தராசை வாசலை விட்டு எடுங்க. சரி பண்ணின சாமானை ஒருத்தர் கையில தூக்கிட்டு வெளிய போறார் பாருங்க, அப்ப எடை போடுங்க. அந்தக் கிலோவைப் பலகையில எழுதுங்க. ரெண்டு கிலோவா இருந்தாலும் அது உண்மை. சொந்தக்காரர் பக்கத்துல உக்காந்து டார்ச் பிடிச்சா நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். போட்டுட்டுப் போறேன்னா, குப்பைத் தொட்டி அந்தப் பக்கம் இருக்கு, போகச் சொல்லுங்க."

"அப்படிச் செஞ்சா யாரும் வரமாட்டாங்களே மேடம்."

"வராம இருக்கட்டும். என் ரூமாவது காலியா இருக்கும்."

தேநீர் ஆறிப்போகிறது என்று அவருடைய மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். லேப் மேடம் படியிலேயே இறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கட்டிலைத் துடைத்து, விரிப்பை விரித்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

அக்கா வார்டின் கடைசியில், ஜன்னலோரக் கட்டிலில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை படிய வாரியிருந்தது. துணிப் பை மடியில் இருந்தது, வாயைக் கட்டி. பக்கத்துக் கட்டில்காரிக்குத் துணையாக இருந்த ஒரு பெண்மணிதான் முதலில் பேசினாள்.

"நீங்கதான் தங்கச்சியா? பெயிண்ட் வேலை முடிஞ்சுதா?"

லேப் மேடம் விழித்தாள்.

"அதாங்க, உங்க அக்கா ரூமுக்கு. திங்கட்கிழமைல இருந்து இதே பேச்சுதான். தங்கச்சி பெயிண்ட் அடிக்கிறா, வாசனை போனதும் வந்து கூட்டிட்டுப் போவான்னு. வெளிர்நீலமாமே. தினமும் காலைல எழுந்து தலை வாரிக்கிட்டு, பையைக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்துடுவாங்க. சாயங்காலம் பையைப் பிரிப்பாங்க. குடுத்து வெச்சவங்க, எங்களுக்கெல்லாம் யாருங்க பெயிண்ட் அடிக்கிறாங்க?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுங்க" என்றாள் லேப் மேடம்.

கையெழுத்துப் போட்டாள், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டாள், சக்கர நாற்காலியில் அக்காவை உட்கார வைத்தாள். கணவர் வண்டி பிடிக்க முன்னால் போனார். வார்டுக் கதவைத் தாண்டி நீளமான நடைபாதைக்கு வந்ததும் அவளால் அதற்கு மேல் தள்ள முடியவில்லை. நாற்காலியை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, பெயிண்டெல்லாம் அடிக்கல."

"தெரியும்டி."

"இடமில்லன்னு சொன்னேனே. இடம் இருந்துச்சுக்கா. ஊரான் வீட்டு ஃபேன், மிக்ஸி எல்லாத்துக்கும் இருந்துச்சு. உனக்குத்தான் இல்லன்னு சொன்னேன்."

அக்கா மடியிலிருந்த பையின் முடிச்சை நிமிண்டினாள். அவளிடம் கோபம் இருந்திருந்தால் தேவலை. இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அந்தம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு," என்றாள் அக்கா, "கூட்டிட்டுப் போக யாரும் வரலையான்னு. திங்கட்கிழமை கேட்டுச்சு, செவ்வாய்க்கிழமை கேட்டுச்சு. நான் என்னத்தைச் சொல்ல?"